மலைக்குப் பருத்தி ஆகாது

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு நான் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாத என் வசந்தாக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பச்சைமலைக்குப் போய்வந்தோம். நீ இல்லாமல் போன முதல் தடவை. இதை உனக்கு யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? நம் குழுவில் முன்னால் நடக்கிற நூர்ஜஹான் டீச்சர் சொல்ல மாட்டார். உன் பேரை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறார். அதனால் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் நீ யாரென்று தெரிய வேண்டும். விக்கிரமங்கலம் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் நர்ஸாக இருந்தவள் நீ. சர்க்கரை வந்த பெண்களிடம் "நடங்க, நடங்க" என்று சொல்லிச் சலித்துப்போய், கடைசியில் அவர்களை வேனில் ஏற்றி மலைக்கே கூட்டிக்கொண்டு போனவள். அரியலூர்ப் பக்கத்திலிருந்து பாதிப் பேர், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து பாதிப் பேர் என்று மாதத்தில் ஒரு ஞாயிறு கிளம்பிவிடுவோம். ஊரில் அத்தனை பேருக்கும் பிரஷர் பார்த்தாய். "உனக்குப் பார்த்தியாக்கா?" என்று நான் கேட்டால் "எனக்கென்னடி கேடு" என்பாய். ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயே, அன்றைக்குத்தான் உனக்கு யாரோ ஒருவர் பிரஷர் பார்த்தார். எனக்கு உன்மேல் இன்னும் கோபம் போகவில்லை.

நாம் பழகியதே சண்டையில்தான். பெரம்பலூரில் நான் வேலை செய்யும் ஜவுளிக்கடைக்கு வந்து, பெண்கள் மலையேறுவதற்கு உடுப்பு வேண்டும் என்று நின்றாய். நான் ரெடிமேட் பிரிவில் வருஷக்கணக்காக நிற்கிறவள். நம் ஊர் வெயிலுக்குச் சுத்தக் காட்டனை விட்டால் வேறில்லை என்று எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்! உனக்கும் அதையே எடுத்துப் போட்டேன். "இதைப் போட்டுக்கிட்டு நீ மலை ஏறியிருக்கியா?" என்று கேட்டாய். நான் கடை மாடிப்படி தவிர வேறு எதுவும் ஏறியதில்லை. "அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை இதையே போட்டுக்கிட்டு வா, பாப்போம்" என்றாய். வாடிக்கையாளர் சவால் விட்டால் சும்மா இருக்க முடியுமா?

வந்தேன். அதுவும் எப்படி வந்தேன்! சுடிதார் போட்டுக்கொண்டு விடியற்காலையில் தனியாகக் கிளம்பினால் கீழ்வீட்டம்மா நூறு கேள்வி கேட்பார் என்று மேலே ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். அடிவாரத்தில் அவிழ்த்து மடித்துப் பையில் திணித்ததும் பை பிள்ளைத்தாய்ச்சி மாதிரி ஆகிவிட்டது. ஏறி முடிப்பதற்குள் காட்டன் சுடிதார் வியர்வையைக் குடித்துக் குடித்துக் கனத்துப் போனது. தொடை இரண்டும் உரசி எரிந்தன. உச்சியில் காற்று அடித்தபோது ஈரத்துணியோடு பல் கிட்டிக்கொண்டு நின்றேன். உன் பையிலிருந்து வழவழவென்று ஒரு பனியனை எடுத்துக் கொடுத்து, "பொதருக்குப் பின்னாடி போயி மாத்திக்கிட்டு வாடி, காட்டன் வியாபாரி" என்றாய்.

அந்தப் பேரை வைத்துத்தான் கடைசிவரைக்கும் கூப்பிட்டாய். இப்போது என்னை அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையாமலே வயது போய்விட்டது. வார நாளில் கடையில் வாய் ஓயாமல் பேசுகிறேன், ஆனால் பேசுகிற அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஞாயிறு வந்தால் தெரு முழுக்கக் கறிக்குழம்பு வாசம். எல்லா வீட்டிலும் பேச்சுச் சத்தம். நான் மாடி அறையில் ஒருத்திக்கு மட்டும் அரைப்பிடி அரிசி போட்டு வைத்து, அது கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாதத்தில் அந்த ஒரு ஞாயிறு இருக்கிறது என்பதால்தான் மற்ற ஞாயிறுகளை ஓட்டினேன். நீ போனபின் அதுவும் நின்றுபோயிருந்தது.

பொங்கல் கழிந்து நூர்ஜஹான் டீச்சர் கடைக்கு வந்தார். துணி வாங்குகிறவர் மாதிரி இரண்டு நைட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"மல்லிகா, வழி எனக்குத் தெரியும். முன்னாடி நான் நடந்துருவேன். பின்னாடி நடக்க ஒரு ஆள் வேணும். புதுசா வர்றவங்ககிட்ட முந்துன நாளு போன்ல பேசி மூட்டை கட்ட வைக்கணும். வசந்தா செஞ்சதெல்லாம் நீதான் செய்யணும்."

"எனக்கு எங்க டீச்சர் அதெல்லாம் வரும்?"

"வரலன்னா விட்டுரலாம். இன்ஷா அல்லாஹ் வேற யாராச்சும் வேற எதுனா ஆரம்பிப்பாங்க. நம்ம குழு இதோட முடிஞ்சுதுன்னு எல்லாருக்கும் சொல்லிடறேன்."

நைட்டியை மடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். முடிந்தது என்று அவர் சொன்னால் எனக்கு என்ன மிச்சம்? இந்தக் கடையும் அந்த மாடி அறையும்தான். செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நீ செய்கிற மாதிரியே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நினைவிருக்கிறதா, எடுத்து வைத்ததையெல்லாம் கட்டிலில் பரப்பச் சொல்லுவாய். ஒவ்வொன்றாகப் பேர் சொல்ல வைப்பாய். பிறகு பாதியைத் திரும்பப் பீரோவிலேயே வைக்கச் சொல்லுவாய். மிச்சத்தைப் பையில் போட்டு, அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நடக்கச் சொல்லி, மூச்சு வாங்குகிறதா என்று போனிலேயே காது கொடுத்துக் கேட்பாய். ஆஸ்பத்திரிப் புத்தி போகுமா?

புதிதாக இரண்டு பேர். முதல் ஆள் கமலா, பாடாலூரில் ரோட்டோரம் டிபன் கடை வைத்திருக்கிறவர். வியாபாரம் பார்த்தே பழகிய குரல், என்னைவிடச் சத்தம்.

"அடுக்குக் கேரியர்ல பொங்கல் வடை எடுத்துக்கறேங்க. சட்னி மூணு தினுசு. சாம்பாருக்குத் தனித் தூக்கு."

"யாருங்க தூக்குறது?"

"நாந்தேன்."

"கமலா, மலையில சட்னி சிந்துச்சுன்னா எறும்பு உங்களத் தூக்கிட்டுப் போயிரும். புளிசாதம் கட்டுங்க. வாழையெல, மேல பேப்பர், அவ்வளவுதான். வர்றப்ப எலயும் பேப்பரும் நம்ம பையிலயே திரும்பி வந்துரணும். தண்ணி மட்டும் கொறைக்காதீங்க. சரி, என்ன உடுத்திக்கப் போறீங்க?"

"புதுச் சுடிதாருங்க! உங்க கடையிலதான் எடுத்தேன். காட்டன்தான் நல்லதுன்னு ஒரு அம்மா சொல்லுச்சு."

அந்த அம்மா நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அத அப்படியே மடிச்சு வையிங்க, கோயிலுக்குப் போறப்ப போட்டுக்கலாம். உங்க மவன் வெளையாடப் போற பனியன் இருக்கா?"

"இருக்கு, அது வழவழன்னு கெடக்கும். வேர்வையே இழுக்காதே?"

"அதான் வேணும். காட்டன் வேர்வைய இழுத்து வச்சுக்கிட்டே இருக்கும், காயாது. இது ஒரு காத்தடிச்சாக் காஞ்சுரும். கைய மூடுற மாதிரி மேல ஒரு சட்டை, முள்ளுக்கும் வெயிலுக்கும் ஆவும். உச்சியில குளுருச்சுன்னா ஒரு ஸ்வெட்டர். மாத்துத் துணி ஒண்ணே ஒண்ணு, பிளாஸ்டிக் பையில சுத்தி அடியில. துப்பட்டா வேண்டாம், செடியில மாட்டும். நகையக் கழட்டி வச்சிருங்க. தலைக்குப் பூவும் வேண்டாம், வண்டு வரும்."

"பூ கூடவா இல்லாம வர்றது? மூளியாட்டம்?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்பார்கள், நீ ஒவ்வொரு தடவையும் "எறங்கி வந்தப்புறம் ரெண்டு மொழமா வச்சுக்கலாம்" என்பாய். அதையே சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. உனக்குக் கேட்டதா?

அடுத்தது ரேவதி. ரெட்டிபாளையத்துப் பெண், கணவர் சிமெண்ட் ஆலையில் வேலை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பயந்த குரல். உடுப்பு, தண்ணீர், தொப்பி எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். எனக்குத் தெரிந்ததிலேயே பெரிய விஷயம் செருப்பு விஷயம் அல்லவா? புது ஷூ காலைக் கடிக்கும், அது மட்டும் கூடாது என்பாயே. அதனால் கவனமாகக் கேட்டேன்.

"புதுசா?"

"இல்லீங்கக்கா, நல்லாப் பழகுன ஷூதான். கெட்டியா இருக்கும், வழுக்காது."

சபாஷ் என்று சொல்லி வைத்துவிட்டேன். யார் காலுக்குப் பழகியது என்று கேட்கத் தோன்றவில்லை.

காலையில் அடிவாரத்தில் வேன் நின்றதும் ரேவதி இறங்கினாள். மேலே நைட்டி, உள்ளே டிராக் பேண்ட். தெரு தாண்டுகிற வரைக்கும் மாமியார் பார்க்கக் கூடாதாம். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம், ஏனென்றால் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். பிறகு நான் அவள் காலைப் பார்த்தேன். அவள் கணவர் ஆலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சேஃப்டி ஷூ. முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது. விரலுக்கும் இரும்புக்கும் நடுவே இருந்த இடத்துக்குப் பழைய துணியைத் திணித்திருந்தாள்.

"ஆலையில இரும்பே விழுந்தாலும் ஒண்ணும் ஆவாதாம்க்கா. மலையில கல்லுதானே?" என்றாள், முகமெல்லாம் சந்தோஷம்.

ரெட்டிபாளையத்தில் வீட்டுக்கு வீடு அந்த ஷூதான் கிடக்கிறது. உள்ளதிலேயே உறுதியானதை அவள் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். மாற்றுச் செருப்பு யாரிடமும் இல்லை. திருப்பி அனுப்பினால் அந்தப் பெண் இன்னொரு தடவை வீட்டைவிட்டுக் கிளம்புவாளா? கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, சரி நட என்றேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. காலைத் தூக்கி வைக்கக் கனமாக இருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொண்டு ஏறினாள். உச்சியில் கமலாவின் புளிசாதம். மூன்று சட்னியை விட்டுவிட்டு, எனக்குத் தெரியாமல் ஒரு சின்ன டப்பாவில் துவையல் கொண்டுவந்திருந்தார். நான் பார்க்காத மாதிரி வாங்கிச் சாப்பிட்டேன். நீ சாப்பிடுகிற பாறையில் யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லிவைத்துக்கொண்டு செய்யவில்லை, அப்படியே காலியாக விட்டுவிட்டார்கள்.

இறங்கும்போதுதான் வினை. உடம்பின் பாரமெல்லாம் முன்னால் வர, அடிக்கு அடி விரல் போய் இரும்பில் முட்டுகிறது. கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். பிறகு ஒரு வளைவில் உட்கார்ந்துவிட்டாள். கழற்றிப் பார்த்தால் இரண்டு பெருவிரலும் சிவந்து வீங்கி, நகத்தடியில் ரத்தம் கட்டியிருந்தது. மற்றவர்கள் டீச்சரோடு கீழே போய்க்கொண்டிருந்தார்கள். "நான் வெறுங்காலோட வந்துடறேன்க்கா" என்றாள். வழியெல்லாம் முள்ளும் சரளைக் கல்லும்.

என் பையைத் திறந்தேன். அழகாகக் கட்டிய பை அக்கா அது. கனமே இல்லை. என் தண்ணீர், என் ஸ்வெட்டர், என் மாற்றுத்துணி. அவ்வளவுதான். இன்னொருத்திக்கு ஆகிற மாதிரி அதில் ஒரு துரும்பும் இல்லை.

அங்கேதான் எனக்கு உன் பை விளங்கியது. எங்களையெல்லாம் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டு நீ மட்டும் மூட்டை தூக்குவாய். "அப்படி என்னக்கா அதுல, நெல்லா வச்சிருக்கே?" என்று எத்தனை கேலி செய்திருப்போம். எனக்கு வந்த பனியன் அதிலிருந்து வந்தது. யாருக்கோ வார் வைத்த செருப்பு, யாருக்கோ காலுறை, உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், மாதத் துணி, ஊக்கு, எல்லாம் அதிலிருந்துதான் வந்தன. உன் சாமான் என்று அதில் நான் பார்த்தது ஒரு கண்ணாடிக்கூடுதான். நாங்கள் மறந்துவிட்டு வந்ததையெல்லாம் நீ தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாய். ஒரு நாளாவது சொன்னாயா?

"அதக் கழட்டுடி" என்றேன். என் கேன்வாஸ் ஷூவைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

"ஐயோ, வேணாங்க்கா. உங்களுக்கு?"

"நாள் பூரா நின்னே வேலை பாக்குற காலுடி இது, அகலத்துல ஆம்பளக் காலு. உன் வூட்டுக்காரரு ஷூ எனக்குச் சரியா இருக்கும், குடு."

சரியாக இல்லைதான். மாற்றுத்துணியைக் கிழித்துச் சுருட்டி முன்னால் அடைத்துக்கொண்டு, கயிற்றைக் கணுக்காலோடு சேர்த்து இறுக்கி, நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். இப்போது என் கட்டைவிரல் நகம் கருத்துப்போயிருக்கிறது. கடையில் முதலாளி என்னவென்று கேட்டார், துணிக்கட்டு விழுந்தது என்று சொல்லிவைத்தேன்.

ரேவதி எனக்கு முன்னால் நடந்தாள். நான் கடைசி ஆள். இத்தனை வருஷமும் உனக்கு முன்னால் நடந்தவள், உன்னோடு பேசிக்கொண்டே நடந்தவள். திரும்பிப் பார்க்காமலே பேசுவேன், பின்னாலிருந்து பதில் வரும். அன்றைக்கும் பழக்கத்தில், "அக்கா, இந்தக் கூத்தைப் பார்த்தியா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பதில் வரவில்லை. திரும்பினால் வெறும் பாதை, அதில் வெயில். அத்தனை பெரிய மலையில் எனக்குப் பின்னால் ஒரு ஜீவன் இல்லை. நீ செத்த வீட்டில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அங்கே கூட்டம் இருந்தது, இங்கே நீ இருந்த இடம் மட்டும் இருந்தது.

ரேவதிக்கு என்ன தோன்றியதோ, கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை குரல் கொடுக்க ஆரம்பித்தாள். "அக்கா, வர்றீங்களா?"

"வரேன், நீ போ."

மறுபடி கொஞ்ச தூரம். "அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்டி. நீ பாத்து எறங்கு."

கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் நன்றாகவே வந்தது. கடைசியில் நடப்பதில் ஒரு வசதி இருக்கிறது அக்கா, அழுதால் யாருக்கும் தெரியாது. உனக்கும் எப்போதாவது அந்த வசதி தேவைப்பட்டதா? உன் வீட்டிலும் நீ ஒற்றை ஆளாகத்தானே இருந்தாய். நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு முன்னால் போனபோது, பின்னால் நீ எப்படி வந்தாய் என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

அடிவாரத்துக்கு வந்ததும் எல்லோரும் வேனருகே காத்திருந்தார்கள். என் காலில் சேஃப்டி ஷூவைப் பார்த்து கமலா சிரித்த சிரிப்பில் டிரைவரே இறங்கி வந்துவிட்டார். ரேவதி என் ஷூவைக் கழற்றித் தட்டி, துடைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "அக்கா, அடுத்த மாசம் எந்த ஞாயித்துக்கிழம? வூட்டுல இப்பவே சொல்லி வைக்கணும்" என்றாள்.

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ இருந்தால் சொல்லவேண்டிய பதில் அது. நீ இல்லை. "கடைசி ஞாயிறு" என்றேன் நான்.

ஆக, குழு முடிந்துபோகவில்லை அக்கா. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி ஷூ பழகியதா என்று கேட்பதோடு விடமாட்டேன், போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கிக் காட்டச் சொல்லுவேன். கடையில் காட்டன் கேட்கிறவர்களிடம் எங்கே போவதற்கு என்று ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் எடுத்துப் போடுவேன். வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கிவிட்டேன், எல்லோருக்கும் ஆகிற அளவில். பை கனக்கத்தான் கனக்கிறது, கனக்கட்டும்.

எப்போதும் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு நடந்தவள், இந்த ஒரு தடவை மட்டும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாய். போ அக்கா, மெதுவாகப் போ. நான் உடனே வர முடியாது. எனக்கு முன்னால் ஆட்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

பின்னால் வருகிற உன் தங்கச்சி,
காட்டன் வியாபாரி மல்லிகா
பெரம்பலூர்